கொளுத்தாதவருக்குக் கிடைத்த மாலை

ஊரைக் கொளுத்தியவனை உலகம் தூற்றும், அது இயற்கை. ஊரைக் காத்தவனை உலகம் போற்றும், அதுவும் இயற்கை. ஆனால், கையிலே தீப்பந்தம் கொடுத்துக் கொளுத்தச் சொன்னபோது கொளுத்தாமல் விட்டுவிட்ட ஒருவருக்கு, காத்தவர் என்று பட்டம் சூட்டி, புத்தகம் போட்டு, படமெடுத்துப் பாராட்டிய விந்தையும் இந்த உலகில் நடந்திருக்கிறது. அந்த விந்தைக்குரிய மனிதரின் வாழ்க்கையை இன்று தோழர்கள் முன் வைக்கிறோம்.

டீட்ரிக் வான் கோல்டிட்ஸ் என்பது அவர் பெயர். ஜெர்மன் காலாட்படை ஜெனரல். இரண்டு உலகப் போர்களிலும் களம் கண்டவர். 1944 ஆகஸ்டில் பாரிஸ் பட்டணத்தின் கடைசி ஜெர்மன் தளபதி. பாரிஸை இடித்துத் தரைமட்டமாக்கும்படி ஹிட்லர் இட்ட கட்டளையை நிறைவேற்ற மறுத்தவர் என்பது அவருக்குள்ள புகழ். அந்தப் புகழில் பொன் எவ்வளவு, பித்தளை எவ்வளவு என்று உரைத்துப் பார்ப்பதிலே தவறில்லை. உழைத்தவனுக்குச் சேரவேண்டிய பெயர், உத்தரவு போடும் இடத்தில் இருந்தவனுக்குப் போய்விடுவதைப் பார்த்துப் பழகிய தொழிலாளத் தோழர்கள், இந்தக் கதையை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

1894 நவம்பர் 9-ஆம் நாள், அன்று ஜெர்மனியைச் சேர்ந்ததாகவும் இன்று போலந்தைச் சேர்ந்ததாகவும் உள்ள சைலீஷியப் பகுதியில் கோல்டிட்ஸ் பிறந்தார். பரம்பரை பரம்பரையாக அரசனுக்கு வாள் பிடித்த பிரபு குடும்பம். தகப்பனாரும் பட்டாள அதிகாரி. பதின்மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனை 1907-ல் டிரெஸ்டன் நகரத்து இராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் தெருவிலே பந்தாடிய வயதில் அவர் கற்ற முதற்பாடம், மேலேயிருந்து கட்டளை வந்தால் கேள்வி கேட்கக்கூடாது என்பது. அந்தப் பாடத்தை அவர் நன்றாகவே கற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறக்கவும் இல்லை.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அந்த ஆண்டில்தான் அவர் லைப்சிக் நகரத்து 107-ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டில் சேர்ந்திருந்தார். மேற்கு முனைக்குப் போனார். மார்ன் ஆற்றங்கரையிலே போரிட்டார். ஈப்பர் களத்திலே நின்றார். 1916-ல் சோம் ஆற்றங்கரையில், இரு தரப்பிலும் சேர்த்துப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மடிந்தும் காயமுற்றும் விழுந்த அந்தச் சேற்றுக்களத்திலும் இருந்தார். பதுங்குகுழியிலே அழுகிய பிணங்களுக்கு நடுவே வாழ்ந்த இலட்சக்கணக்கான சிப்பாய்கள், இந்தப் போர் யாருக்காக என்று கேட்கத் தொடங்கினர். 1918 நவம்பரில் ஜெர்மன் மாலுமிகளும் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்து கைசரின் முடியைக் கீழே உருட்டினர். கோல்டிட்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அல்லர். தோற்ற ஜெர்மனி ஒரு இலட்சம் பேருக்கு மேல் தரைப்படை வைத்துக்கொள்ளக்கூடாது என்று வெர்சேல்ஸ் உடன்படிக்கை விதித்தது. அந்த ஒரு இலட்சத்திலே தமக்கும் ஓர் இடம் பிடித்துக்கொண்டு, குதிரைப்படை அதிகாரியாகக் காலம் தள்ளினார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். தொழிற்சங்கங்களை அவ்வாண்டு மே 2-ஆம் நாளே கலைத்தான். சங்கத் தலைவர்களைச் சிறையிலே அடைத்தான். எதிர்க்கட்சிகளை ஒழித்தான், யூதர்களை வேட்டையாடினான். அதே கையோடு இராணுவத்தைப் பெருக்கினான். இராணுவம் பெருகினால் அதிகாரிகளுக்குப் பதவி பெருகும் அல்லவா! 1937-ல் கோல்டிட்ஸ் மேஜரானார். 16-ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டின் மூன்றாம் பட்டாளம் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே செக்கோஸ்லோவாகியாவின் சுடேட்டன் பகுதியைப் பறித்த படையிலே அவரும் இருந்தார்.

1940 மே 10. ஹாலந்து நாட்டின்மீது ஜெர்மனி பாய்ந்தது. ஹாலந்து யாரோடும் சண்டைக்குப் போகாத நாடு, நடுநிலை நாடு. கோல்டிட்ஸின் பட்டாளம் விமானங்களில் ஏறிச் சென்று, ராட்டர்டாம் துறைமுக நகரின் வால்ஹாவன் விமான நிலையத்தில் இறங்கியது. ஆற்றுப் பாலங்களைப் பிடிப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. பிடித்தார். நான்கு நாள் டச்சு வீரர்கள் விடாமல் எதிர்த்தனர். 14-ஆம் நாள் சரணாகதிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஜெர்மன் விமானங்கள் வந்து நகரின் நடுப்பகுதியில் குண்டு பொழிந்தன. ஏறத்தாழ 850 பேர் மாண்டனர். சுமார் 80,000 பேர் வீடிழந்து வீதியில் நின்றனர். குண்டு வீசும் கட்டளையை இட்டவர் கோல்டிட்ஸ் அல்லர். அதை நாம் அவர் தலையிலே கட்டவில்லை. ஆனால் ஒரு நகரம் எரிந்து சாம்பலாவது எப்படியிருக்கும் என்பதைக் கண்ணெதிரே கண்டார். கண்டபின் அவர் மனம் மாறிற்றா? அந்தப் போருக்காக அவருக்கு வீரச்சிலுவைப் பதக்கம் கிடைத்தது. அதைக் கழுத்திலே மாட்டிக்கொண்டு அடுத்த களத்திற்குப் போனார்.

அடுத்த களம் ருஷ்யா. 1941 ஜூனில் சோவியத் நாட்டின்மீது ஹிட்லர் படையெடுத்தபோது, தென்முனையில் சென்ற 11-ஆம் சேனையிலே கோல்டிட்ஸ் இருந்தார். தமது ரெஜிமென்ட்டுக்குத் தலைவரும் அவரே. உக்ரேன் வழியாகக் கிரைமியா வரை சென்றார். 1942 ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் செவாஸ்டபோல் கோட்டையைத் தாக்கியபோது அவருடைய ரெஜிமென்ட்டின் பெரும்பகுதி அழிந்தது. அவரும் கையிலே காயமுற்றார். கோட்டை விழுந்தது. கர்னல் ஜெனரலானார்.

அந்தச் சேனை சென்ற பாதையிலே பின்னால் வந்தது இன்னொரு கூட்டம். எஸ்.எஸ். கொலைப்படை, குழு டி என்பது அதன் பெயர். படை பிடித்த ஊர்களிலே புகுந்து, யூத ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பள்ளத்தின் ஓரம் நிறுத்திச் சுட்டது. ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ 90,000 பேரைக் கொன்றதாக அதன் தலைவன் ஓட்டோ ஓலண்டார்ஃப் 1946 ஜனவரியில் நியூரம்பர்க் நீதிமன்றத்திலே தன் வாயாலேயே சொன்னான். சேனைக்கும் இந்தக் கொலைகாரர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று போருக்குப்பின் ஜெர்மன் ஜெனரல்கள் பலர் சாதித்தார்கள். கோல்டிட்ஸின் வாய் அதற்கு வேறு சாட்சி சொன்னது. அதற்குப் பிறகு வருவோம்.

1943-ல் ருஷ்யாவில் டாங்கிப் படைக்குத் தலைமை, 1944 தொடக்கத்தில் இத்தாலி, ஜூனில் நார்மண்டி. நேசநாட்டுப் படைகள் பிரான்சின் கடற்கரையிலே இறங்கிய பின், அங்கே ஒரு படைத்தொகுதிக்குத் தலைவராக அவரை அனுப்பினார்கள். ஜூலைக் கடைசியில் அமெரிக்கப் படை அந்த முனையை உடைத்துக்கொண்டு வெளியேறியது. அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். தோல்வியோடு வீட்டுக்குப் போகவேண்டிய மனிதர். ஆனால் அந்த ஜூலை 20-ஆம் நாள் வேறொன்று நடந்திருந்தது. ஜெர்மன் அதிகாரிகள் சிலர் ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்றிருந்தனர். பாரிஸிலிருந்த இராணுவ ஆளுநர் ஜெனரல் ஸ்டூல்ப்நாகல் அந்தச் சதியிலே சேர்ந்து, நகரிலிருந்த எஸ்.எஸ். ஆட்களை அன்றிரவே கைது செய்தார். முயற்சி தோற்றது, அவர் தூக்கிலே தொங்கினார். யாரை நம்புவது என்று தெரியாமல் தவித்த ஹிட்லர், எந்தக் கட்டளையையும் மீறாத ஆளைத் தேடினான். கோல்டிட்ஸ் கிடைத்தார்!

1944 ஆகஸ்ட் 1-ல் காலாட்படை ஜெனரல் என்ற பதவி. 7-ஆம் நாள் ஹிட்லரோடு நேரிலே சந்திப்பு. 9-ஆம் நாள் பாரிஸ். ஹிட்லருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதை அந்தச் சந்திப்பிலேதான் உணர்ந்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார். இருக்கலாம். ஆயினும் அப்படி உணர்ந்தவர் வேலையை ஏற்றுக்கொண்டு பாரிஸுக்குப் போனார் என்பதையும் சேர்த்துத்தான் நாம் படிக்கவேண்டும்.

அவர் தளபதியாக இருந்த பாரிஸிலே என்ன நடந்தது? ஆகஸ்ட் 15-ஆம் நாள், பாரிஸை அடுத்த பாந்தன் நிலையத்திலிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. மாட்டு வண்டிகளைப் போன்ற பெட்டிகளிலே சுமார் 2,200 அரசியல் கைதிகள் அடைக்கப்பட்டு, ஜெர்மனியின் கொடுஞ்சிறை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பாதிப்பேர்கூடத் திரும்பி வரவில்லை. மறுநாள் இரவு புலோஞ் காட்டிலே முப்பத்தைந்து இளைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இவற்றைச் செய்தது எஸ்.எஸ்., இரகசியப் போலீஸ் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நகரத்தின் தளபதி யார்?

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். பாரிஸின் கதையை ஒரு ஜெனரலின் மனப்போராட்டமாகச் சொல்பவர்கள், ஆகஸ்ட் 10-ஆம் நாளைச் சொல்வதேயில்லை. அன்றுதான் பாரிஸ் இரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜெர்மன் துப்பாக்கி முதுகிலே முட்டிக்கொண்டிருக்கும்போது வேலையை நிறுத்துவதென்றால் விளையாட்டா? நிறுத்தினார்கள். 15-ஆம் நாள் போலீசாரும் வேலைநிறுத்தம் செய்தனர். தபால் ஊழியர்களும் சேர்ந்தனர்; 18-ஆம் நாள் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்தன. 19-ஆம் நாள் நகரம் பொங்கி எழுந்தது. போலீஸ் தலைமையகத்தில் பிரெஞ்சு மூவண்ணக் கொடி ஏறியது.

எழுச்சிப் படைக்குத் தலைவர் யார் தெரியுமா? பிரபு குடும்பத்துப் பிள்ளையல்ல. இராணுவப் பள்ளியிலே படித்த அதிகாரியுமல்ல. ஆன்ரி தங்கி என்ற உலோகத் தொழிலாளி. மோட்டார் தொழிற்சாலைகளிலே வேலை பார்த்தவர். சங்க வேலைக்காக வேலையிழந்தவர். ஸ்பெயின் நாட்டுக் குடியரசைக் காக்கப் போய்ப் போரிட்டவர். அங்கே மாண்ட ரோல் என்ற தோழனின் பெயரைத் தம் இரகசியப் பெயராகச் சூட்டிக்கொண்டு, கர்னல் ரோல் ஆனவர். அவருடைய மனைவி செசில், குழந்தையின் தள்ளுவண்டியிலே ஆயுதங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் ஒளித்துக் கொண்டு போய்ச் சேர்த்த வீராங்கனை. ஒரு பக்கம் முப்பது ஆண்டு போர் அனுபவமுள்ள ஜெனரல். மறு பக்கம் பட்டறைத் தொழிலாளி. பாரிஸ் தெருக்களிலே மோதியவை இந்த இரண்டும்தான்.

மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பாதைக் கற்களைப் பெயர்த்தார்கள். கட்டிலையும் மேசையையும் கொண்டுவந்து போட்டார்கள். சில நாட்களில் சுமார் 600 தடுப்பரண்கள் எழுந்தன. பெண்களும் சிறுவர்களும் கைக்குக் கை கல் கடத்தினர். டாங்கிகள் வந்தபோது, பாட்டிலிலே நெருப்பைக் கட்டி வீசினர்.

கோல்டிட்ஸிடம் அப்போது இருந்தவர்கள் சுமார் 20,000 பேர். அவர்களில் பலர் அலுவலகப் பட்டாளத்தார், வயது கடந்தவர்கள். பல இலட்சம் மக்கள் வாழும் நகரம் எதிர்த்து நிற்கிறது. மேற்கே நேசநாட்டுப் படை நெருங்குகிறது. இந்த நிலையிலே ஸ்வீடன் நாட்டின் கன்சல் ஜெனரல் ரவுல் நார்ட்லிங் நடுவே வந்து பேசினார். அவர் முயற்சியால், எஞ்சியிருந்த அரசியல் கைதிகளை விடுவிக்க ஜெர்மன் தரப்பு ஒப்புக்கொண்டது. தற்காலிகச் சண்டை நிறுத்தத்திற்கும் கோல்டிட்ஸ் இசைந்தார். இது அவர் கணக்கிலே வரவு வைக்கவேண்டியது, வைக்கிறோம்.

ஹிட்லரின் கட்டளைகள் வந்துகொண்டேயிருந்தன. சேன் ஆற்றுப் பாலங்களுக்கு வெடி வை; பகைவன் கையிலே பாரிஸ் சிக்கினால் இடிபாட்டுக் குவியலாகத்தான் சிக்கவேண்டும் என்பது 23-ஆம் நாள் வந்த கட்டளையின் கருத்து. கோல்டிட்ஸ் அதைச் செய்யவில்லை. தம் மேலதிகாரிகளிடம் சாக்குச் சொல்லிக் காலம் கடத்தினார். மனைவி மக்கள் ஜெர்மனியிலே இருக்கிறார்கள். சரணடையும் அதிகாரியின் குடும்பத்தைப் பழிவாங்குவார்கள் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அந்த அச்சத்தையும் மீறி அவர் கொளுத்தாமல் இருந்தார் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை.

ஆனால் ஏன் கொளுத்தவில்லை? கலையின்மீது கொண்ட காதலா? நகரின்மீது பிறந்த கருணையா? அதே 23-ஆம் நாள், எழுச்சிக்காரர்களைத் தாக்கிய ஜெர்மன் படையால் கிராண்ட் பாலே என்ற புகழ்பெற்ற மாளிகை தீப்பிடித்து எரிந்தது. பாலங்களைத் தகர்த்தால், ஆற்றுக்கு அப்பாலிருந்து பின்வாங்கிவரும் ஜெர்மன் படைக்கே வழியில்லாமல் போகும். நகரின்மீது விமானக் குண்டு வீசினால், உள்ளேயிருக்கும் ஜெர்மன் சிப்பாய்களும் சாவார்கள். இதே ஆகஸ்டில் போலந்தின் தலைநகர் வார்சாவும் எழுந்தது. அங்கே ஹிட்லருக்குப் படை இருந்தது, அவகாசம் இருந்தது. இரண்டு மாதத்தில் எழுச்சியை நசுக்கினான். நகரை வீடு வீடாக வெடி வைத்துத் தகர்த்தான். பாரிஸில் அந்தப் படையும் இல்லை, அவகாசமும் இல்லை. அவகாசத்தைப் பறித்தவர்கள் யார்? ரயிலை நிறுத்தியவனும், தபாலை நிறுத்தியவனும், தடுப்பரணிலே நின்று மாண்டவனும்!

இன்னொன்றும் உண்டு. நேசநாட்டுத் தளபதி ஐசனோவர், பாரிஸை ஒதுக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டு போகவே திட்டமிட்டிருந்தார். கர்னல் ரோல் அனுப்பிய தூதர் போர்முனையைத் தாண்டிச் சென்று அமெரிக்கரிடம் நிலைமையை விளக்கினார். எழுச்சி மூண்டுவிட்ட செய்திதான் ஐசனோவரின் மனத்தை மாற்றியது. 22-ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி லெக்லேரின் படைக்குப் புறப்பட அனுமதி கிடைத்தது. 24-ஆம் நாள் இரவு முதன்முதலாக நகரமண்டபத்தை வந்தடைந்த பிரிவிலே பெரும்பாலோர், தம் நாட்டைப் பிராங்கோவிடம் பறிகொடுத்த ஸ்பெயின் குடியரசு வீரர்கள். பாரிஸின் ஆலயமணிகள் எல்லாம் அன்றிரவு முழங்கின.

25-ஆம் நாள் பிற்பகல், ரிவோலி தெருவிலுள்ள மெரீஸ் ஓட்டலிலே கோல்டிட்ஸ் பிடிபட்டார். போலீஸ் தலைமையகத்திலே சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். லெக்லேரோடு சேர்ந்து கர்னல் ரோலும் அந்தப் பத்திரத்திலே கையெழுத்திட்டார். தொழிலாளியின் கையெழுத்து அங்கே விழுந்ததை ஜெனரல் டி கால் அன்றே விரும்பவில்லை. எழுச்சியிலும் தெருப் போரிலும் மாண்ட போராளிகள் சுமார் 1,000 பேர். பொதுமக்கள் சுமார் 600 பேர். மறுநாள் இரவு ஜெர்மன் விமானங்கள் வந்து குண்டு வீசின. ஏறத்தாழ 200 பேர் மடிந்தனர். ஒரு ஜெனரல் கொளுத்தாவிட்டால், கொளுத்த வேறு கைகள் இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோல்டிட்ஸை இலண்டனை அடுத்த டிரென்ட் பார்க் மாளிகைக்குக் கொண்டு போனார்கள். பிடிபட்ட ஜெர்மன் ஜெனரல்களை வசதியாக வைத்திருந்த சிறை அது. சுவரிலே ஒலிவாங்கி ஒளிந்திருந்தது ஜெனரல்களுக்குத் தெரியாது! ஆகஸ்ட் 29-ஆம் நாள், சரணடைந்து நான்கே நாளில், சக ஜெனரலிடம் அவர் மனம் திறந்தார். தமக்கு இடப்பட்ட பணிகளிலேயே மிகக் கொடியது யூதர்களை ஒழிக்கும் பணி என்றும், அதைக் கடைசிவரை முழுமையாக நிறைவேற்றியதாகவும் அவர் பேசியதை ஆங்கிலேயர் பதிவு செய்துகொண்டனர். அதே ஆண்டு அக்டோபரில், நாஜிகளின் பின்னால் போனதில் தங்கள் எல்லோருக்கும் குற்றத்தில் பங்குண்டு என்றும், தம் சிப்பாய்களைத் தாமே தவறான வழியில் நடத்தியதை எண்ணி வெட்கப்படுவதாகவும் பேசினார். சுவருக்குச் சொன்ன உண்மை! அதை ஊருக்கு அவர் சொல்லவில்லை.

1947-ல் விடுதலையானார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. 1949 முதல், பாரிஸை ஏன் அழிக்கவில்லை என்று தம் கதையைத் தாமே எழுதினார். 1951-ல் தன் வரலாறும் வெளியிட்டார். யூதர் கொலையைப் பற்றிச் சுவரிடம் சொன்னதைப் பிரெஞ்சு மக்களுக்குச் சொல்லாமல், பாரிஸைக் காத்த பெருமையை மட்டும் சொன்னார். 1965-ல் லாரி காலின்ஸ், தோமினிக் லாப்பியர் ஆகிய இருவர் ‘பாரிஸ் எரிகிறதா?’ என்ற புத்தகத்தை எழுதினர். பின்னர் இந்திய விடுதலையைப் பற்றி ‘ஃப்ரீடம் அட் மிட்நைட்’ எழுதியவர்களும் இவர்களே. அடுத்த ஆண்டு அது திரைப்படமாயிற்று. அதே 1966 நவம்பரில் பாடன்-பாடன் நகரிலே கோல்டிட்ஸ் காலமானார். அடக்கத்துக்குப் பிரெஞ்சு இராணுவ அதிகாரிகளும் வந்து நின்றனர். டிரென்ட் பார்க் சுவர் கேட்ட பேச்சுகளை ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஒருவர் தொகுத்து 2005-ல் வெளியிட்டபோது, மாலை வாங்கியவர் மண்ணுக்குள் போய் முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கர்னல் ரோல் 2002 வரை வாழ்ந்தார். பாரிஸ் தன்னைத்தானே விடுவித்துக்கொண்டது என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நாம் கோல்டிட்ஸை வெறுக்கச் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் அவர் கை நடுங்கியது, பந்தம் கீழே விழுந்தது, அது நல்லதே. அந்த ஒரு வாரத்தை எழுது. ஆனால் அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளையும் எழுது என்கிறோம். கட்டளை என்று சொல்லிக் கேள்வியின்றிக் கைகட்டி நிற்கும் பழக்கம், ஒரு கெட்ட மனிதனைவிடப் பெரிய கேட்டைச் செய்யும் என்பதற்கு அந்த முப்பது ஆண்டுகள் பாடம். ஹிட்லர் ஒருவன்தான், அவன் சொன்னதைச் செய்ய ஆயிரமாயிரம் கோல்டிட்ஸ்கள் இல்லாதிருந்தால், அவன் கத்திக்கொண்டே ஒரு மூலையிலே கிடந்திருப்பான்.

அந்தப் பழக்கத்துக்கு மாற்று மருந்து என்ன என்பதையும் அதே பாரிஸ் காட்டியது. ஆகஸ்ட் 10-ஆம் நாள் இஞ்சினை நிறுத்தி இறங்கிய இரயில்வே தொழிலாளிக்குப் பதக்கம் இல்லை, படம் இல்லை, அவன் பெயரும் நமக்குத் தெரியாது. பாரிஸ் நகரத்துச் சுவர்களிலே, இன்ன இடத்திலே இன்னார் மாண்டார் என்று சொல்லும் சிறு கல்வெட்டுகள் இன்றும் பதிந்திருக்கின்றன. ஆகஸ்டு தோறும் அவற்றின் கீழே மலர் வைக்கிறார்கள். மாலை சேரவேண்டிய இடம் அதுதான்.